பெரியம்மாவோட நுரையீரல்ல ஒரு பூஞ்சை உருண்டை

பெரியம்மாக்கு டிபி குணமாகி பல வருஷம் கழிச்சு திரும்ப இருமல், ஒருநாள் ரத்தம் வேற வந்துச்சு. சளியில டிபி கிருமி இல்ல, சிடி ஸ்கேன்ல பார்த்தா டிபி விட்டுட்டுப் போன பழைய குழிக்குள்ள பூஞ்சை உருண்டை. "எதிர்ப்பு சக்தியே இல்லாத உடம்பு"ன்னு ஆளாளுக்கு சொல்ல, அவங்க ஏதோ தன்மேல தான் தப்புன்னு நெனச்சு சுருங்கிப் போயிட்டாங்க. அதுலேர்ந்து தான் இதை உக்காந்து படிக்க ஆரம்பிச்சேன்.

அந்தப் பூஞ்சைக்கு ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸ்னு பேரு. வித்து வெறும் 2-3 மைக்ரான், நாம எல்லாருமே தினமும் நூத்துக்கணக்குல மூச்சோட இழுக்கறோம், காத்துப்பையில இருக்கிற மேக்ரோஃபேஜ்ங்கிற காவல் செல் பிடிச்சு முழுங்கிடும். வித்து தூங்குற வரைக்கும் அதுமேல ஒரு புரத உறை, கீழ மெலனின்ங்கிற நிறமி, காவல் செல்களுக்கு அது இருக்கறதே சரியா தெரியாது. ஈரத்துல ஊறி உப்பும்போது உறை விட்டுப்போய் பீட்டா குளூக்கான்ங்கிற சர்க்கரை வெளிய தெரியும், அதை மேக்ரோஃபேஜோட டெக்டின்-1ங்கிற உணர்வி தொட்டதும் சேதி பறக்கும், நியூட்ரோஃபில்ங்கிற வெள்ளணுக்கள் கூட்டமா வந்து இறங்கும். உறங்குறத விட்டுட்டு முளைக்கப் போறத குறிபார்த்து அடிக்குது பாருங்க, எத்தன தடவ படிச்சாலும் எனக்கு சிலிர்க்கும்!

முளைச்சு இழையாயிட்டா நீளம், முழுங்க முடியாது. நியூட்ரோஃபில் இழையச் சுத்தி அப்பிக்கிட்டு அரிக்கிற ரசாயனத்த கொட்டும், சிலது தன்னோட டிஎன்ஏவையே வலையா விரிச்சுப் போட்டுட்டு செத்துப்போகும்.

இதெல்லாம் சொல்லி, ரிப்போர்ட்ல ஆஸ்பெர்ஜில்லஸுக்கு எதிரான ஐஜிஜிங்கிற ஆன்டிபாடி எவ்ளோ ஏறியிருக்குன்னு காட்டினேன், "பாருங்க பெரியம்மா, உங்க உடம்பு சும்மா இல்ல, இவ்ளோ ஆன்டிபாடி செஞ்சிருக்கு"ன்னேன். "அப்புறம் ஏன்டா போக மாட்டேங்குது?"ன்னாங்க. சரியான கேள்வி. உருண்டைக்குள்ள ரத்தக்குழாய் கிடையாது, எதிர்ப்புச் செல்கள் ரத்தத்துல வந்து குழியோட சுவர்லயே நின்னுடுது, அங்கேயே மாசக்கணக்கா சண்டை நடக்கறதால சுவர் தடிச்சு, தழும்பாகி, வீக்கத்துல புதுசா லேசுல கிழியற மாதிரி ரத்தக்குழாய்ங்க முளைக்குது. அதுல ஒண்ணு கிழிஞ்சா தான் இருமல்ல ரத்தம். சிலருக்கு டி செல்கள்ங்கிற வெள்ளணுக்கள், மத்த எதிர்ப்புச் செல்களை உசுப்பிவிடற இன்டர்ஃபெரான் காமாவ கம்மியா சுரக்கறதும் சேர்ந்துக்கும்.

இட்ராகோனசோல்ங்கிற பூஞ்சைக்கொல்லி மருந்த ஆறு மாசமாவது சாப்பிடணும்னு டாக்டர் சொல்லியிருக்கார், இப்ப நாலாவது மாசம். ரத்தம் நின்னுடுச்சு, எடை ரெண்டு கிலோ ஏறியிருக்கு. உருண்டை இன்னும் அங்கேயே தான் இருக்கு.