பதினாறு நாற்காலிகளும் ஒரு தொலைபேசியும்

ரத்தப் புற்றுநோய் வார்டில் 11 வருடம் வேலை பார்த்த பிறகு, என்னை வெளிநோயாளர் பிரிவுக்கு இன்சார்ஜாகப் போகச் சொன்னார்கள். "ராத்திரி ஷிஃப்ட் கிடையாது, சனி ஞாயிறு லீவு, இனி உங்களுக்கு நிம்மதிதான் சிஸ்டர்" என்று வார்டில் எல்லோரும் வழியனுப்பினார்கள். நானும் அதை நம்பித்தான் போனேன்.

முதல் நாள் காலை 8 மணிக்கு வாசலில் நாற்பது பேருக்குக் குறையாமல் நின்றார்கள். உள்ளே கீமோ போடுவதற்கு 16 நாற்காலிகள். 11 மணிக்கு எட்டிப் பார்க்கிறேன், வெளியே கூட்டம் அப்படியே இருக்கிறது, உள்ளே பாதி நாற்காலிகள் காலி! அதே நாற்காலிகளுக்கு மதியம் 2 மணிக்கு அடிதடி. கடைசி டிரிப்பைக் கழற்றும்போது ராத்திரி ஏழரை ஆகிவிட்டது.

காரணம் புரிய ஒரு வாரம் ஆனது. எங்கள் பிரிவில் எல்லாமே ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுக்காகக் காத்திருந்தது. வெள்ளையணு எவ்வளவு, பிளேட்லெட் எவ்வளவு என்று தெரியாமல் மருந்து போடலாமா என்பதை மருத்துவர் முடிவு செய்ய முடியாது. அவர் சரி என்று சொல்லாமல் பார்மசியில் மருந்து கலக்க மாட்டார்கள். விலை உயர்ந்த மருந்து, கலந்துவிட்டுத் தூக்கிப்போட முடியாதே. ஆக, காலை முழுக்க எல்லோரும் ஒரு காகிதத்துக்காக உட்கார்ந்திருந்தோம்.

முந்தின நாளே ரத்தம் கொடுத்துவிட வேண்டும் என்று ஒரு விதி போட்டேன். பெரிய காரியம் செய்துவிட்டதாக நினைப்பு. இரண்டாவது வாரமே ஒரு பையன் வந்து நின்றான். "அம்மாவைக் கூட்டிட்டு வர ஒரு நாள் லீவு வாங்குறதே பெரும்பாடு. இப்ப ரெண்டு நாளாக்கிட்டீங்களே சிஸ்டர்?" என்றான். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அன்றைக்கே விதியை மாற்றினோம். பக்கத்தில் இருப்பவர்கள் முந்தின நாள் ரத்தம் கொடுக்கட்டும், தூரத்திலிருந்து வருபவர்களுக்கு அன்று காலை முதல் வேலையாக ரத்தம் எடுத்துப் பரிசோதனைக் கூடத்துக்கு ஓட ஒரு ஆள்.

அப்புறம் நாற்காலிக் கணக்கு. பேரை எழுதி வரிசையாக உட்கார வைப்பதால் ஒன்றும் ஆகாது, மருந்தைப் பார்த்துத்தான் உட்கார வைக்க வேண்டும். போர்டெசோமிப் தோலுக்கடியில் போடும் ஊசி, ஒரு நிமிடத்து வேலை. அவர்களுக்கு எதற்கு சாய்வு நாற்காலி? ரிட்டுக்சிமாப் முதல் தடவை என்றால் மணிக்கு 50 மில்லிகிராமில் ஆரம்பித்து, அரை மணிக்கு ஒரு தரம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவோம். குளிர் நடுக்கம், மூச்சுத் திணறல் எல்லாம் பெரும்பாலும் அந்த முதல் தடவையில்தான் வரும். அவர்கள் காலையிலேயே, எங்கள் மேசைக்கு நேர் எதிரே உட்கார வேண்டும். அசாசிடிடினைக் கலந்துவிட்டால் சீக்கிரம் போட்டுவிட வேண்டும், நேரம் ஓட ஆரம்பித்துவிடும். அதனால் ஆள் வந்து உட்கார்ந்த பிறகுதான் பார்மசிக்குப் போன். அது ஏழு நாள் மருந்து, நாங்களோ வாரக் கடைசியில் மூடிவிடுவோம். ஐந்து நாள் போட்டு, இரண்டு நாள் விட்டு, மறுபடி இரண்டு நாள் என்று மருத்துவர்களோடு பேசி முடித்தோம்.

இதெல்லாம் ஏற்பாட்டு வேலை, தலைவலிதான், ஆனால் தூக்கம் கெடாது. தூக்கத்தைக் கெடுத்தவை வேறு.

மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய்க்கு டாரட்டுமுமாப் ஆரம்பித்திருந்த ஒரு அம்மாவுக்கு ஹீமோகுளோபின் இறங்கிவிட்டது. ரத்தம் ஏற்றலாம் என்று மாதிரி அனுப்பினால், கிராஸ்மேட்ச், அதாவது ஏற்றப்போகும் ரத்தம் அவருக்கு ஒத்துப்போகுமா என்ற பரிசோதனையில் எதுவும் பொருந்தவில்லை என்று ரத்த வங்கியிலிருந்து பதில். சாயங்காலம் வரை அந்த அம்மா மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விஷயம் இதுதான். அந்த மருந்து சிடி38 என்ற புரதத்தைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும். மைலோமா அணுக்களில் அது ஏராளம், ஆனால் சிவப்பணுக்களிலும் கொஞ்சம் உண்டு. அதனால் பரிசோதனையில் எந்த ரத்தமும் ஒத்துவராதது போலத் தெரியும். மருந்தை நிறுத்தி ஆறு மாதம் வரைகூட இந்தக் குழப்பம் நீடிக்கலாம். மாதிரியை வேறு விதமாகத் தயார் செய்து பார்க்க ரத்த வங்கிக்கு வழி இருக்கிறது, ஆனால் இந்த மருந்து போகிறது என்று நாங்கள் சொன்னால்தானே அவர்களுக்குத் தெரியும்? நாங்கள் சொல்லவில்லை. இப்போது முதல் டோசுக்கு முன்பே ரத்த வகையும் ஆன்டிபாடி பரிசோதனையும் பார்த்து நோயாளியின் அட்டையில் எழுதிவிடுகிறோம்.

வின்கிறிஸ்டின் விஷயத்தில் ஒரு சண்டையே போட்டேன். ரத்தக் குழாயில் போக வேண்டிய அந்த மருந்து தவறி முதுகுத்தண்டு நீரில் போய்விட்டால் அநேகமாக உயிர் தங்காது. சிரிஞ்சில் வேண்டாம், சின்னப் பையில் கலந்து கொடுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2007இலேயே எச்சரித்துவிட்டது. பையை யாரும் முதுகில் ஏற்ற முடியாது, அவ்வளவுதான் அதன் சூட்சுமம். எங்களிடம் இன்னும் சிரிஞ்சுதான் இருந்தது. "பையில் போட்டால் ரத்தக் குழாயை விட்டுக் கசிந்து தோல் வெந்துவிடும், இத்தனை வருஷம் நடக்காதது இனி நடக்குமா?" என்றார் ஒரு மூத்த மருத்துவர். கசிவை நாங்கள் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொள்கிறோம் சார், அந்த இன்னொன்றை யாராலும் சரிசெய்ய முடியாது என்றேன். மூன்று கூட்டங்கள் ஆயின. பையும் வந்தது, முதுகில் ஊசி போடுவதற்குத் தனி நாளும் தனி அறையும் வந்தன.

தொலைபேசிக்கு வருகிறேன். அதைப் பற்றிச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

வார்டில் நோயாளி என் கண் முன்னால் இருப்பார். இங்கே சில மணி நேரம் இருந்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். ஆபத்து வருவதோ அந்த வீட்டில்தான். லுக்கேமியாவுக்கு மருந்து முடித்துப் போயிருந்த ஒருவர் ஒரு நாள் சாயங்காலம் நாலரைக்குப் போன் செய்து, லேசாகக் காய்ச்சல் அடிக்கிறது என்றார். மேசையில் இருந்தது வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதமான பெண். "நாளைக்குக் காலையில எப்படியும் வரப்போறீங்களே அண்ணா, இப்ப ஒரு பாராசிட்டமால் போட்டுக்கோங்க" என்று சொல்லிவிட்டாள். நல்ல மனதோடு சொன்னதுதான். நடு ராத்திரியில் ரத்த அழுத்தம் விழுந்து அவசரப் பிரிவுக்கு வந்தார். 9 நாள் தீவிர சிகிச்சை. பிழைத்துக்கொண்டார்.

அந்தப் பெண் மருந்து அறைக்குள் போய் அழுதாள். அவளிடம் விளக்கக் கடிதம் வாங்கச் சொன்னார்கள். நான் என் பெயரில் எழுதிக் கொடுத்தேன். தியாகம் எல்லாம் இல்லை. போனில் என்ன கேட்க வேண்டும், என்ன சொல்லவே கூடாது என்று நான் அவளுக்கு எழுதித் தந்திருக்கவில்லை. வார்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இங்கேயும் தெரிந்திருக்கும் என்று இருந்துவிட்டேன்.

நியூட்ரோஃபில் என்ற, தொற்றோடு போராடும் வெள்ளையணுக்கள் 500க்குக் கீழே போனவருக்குத் தொற்று வந்தால் சீழ் பிடிக்காது, புண் சிவக்காது. சீழ் ஆவதற்கே அந்த அணுக்கள் வேண்டுமே. காய்ச்சல் ஒன்றுதான் அடையாளம், அதையும் பாராசிட்டமால் மறைத்துவிடும். ஒரு தடவை 38.3 டிகிரி, அல்லது 38 டிகிரி ஒரு மணி நேரம் நீடித்தால், அதாவது 101 அல்லது 100.4 ஃபாரன்ஹீட், உடனே கிளம்பி வர வேண்டும். வந்து ஒரு மணி நேரத்துக்குள் முதல் ஆன்டிபயாடிக் உள்ளே போக வேண்டும்.

தொலைபேசிக்கு மேலே சுவரில் ஆறு கேள்விகள் ஒட்டினோம். முதல் கேள்வி, கடைசியாக மருந்து போட்டது என்றைக்கு? நோயாளிகளுக்குச் சட்டைப் பையில் வைக்கும் அளவில் ஓர் அட்டை. மாத்திரை போடுவதற்கு முன் எங்களைக் கூப்பிடுங்கள் என்று சிவப்பு எழுத்தில். இதற்கெல்லாம் இரண்டு வாரம்தான் ஆனது. அந்த அட்டையோடு வருபவரை வரிசையில் நிற்க வைக்காதீர்கள் என்று அவசரப் பிரிவை ஒப்புக்கொள்ள வைக்க நான்கு மாதம் ஆனது. பார்க்க நன்றாகத்தானே இருக்கிறார், நடந்துதானே வந்தார் என்பார்கள். நடந்து வருகிறவர்தான் ராத்திரியில் விழுகிறார் என்று ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் போய்ச் சொன்னேன்.

இன்னொரு அழைப்பும் மறக்கவில்லை. ஒரு அம்மா பேசினார். "நாளைக்கு அவரை வரச் சொல்லி மெசேஜ் வந்திருக்கு சிஸ்டர். அவரு போய் மூணு வாரம் ஆச்சு." வார்டில் ஒருவர் இறந்தால் கட்டில் காலியாவது தெரியும். இங்கே வராமல் போவார்கள், அவ்வளவுதான். நாங்கள் விசாரிக்கவில்லை, கணினி தன் பாட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறது. என்ன பதில் சொன்னேன் என்றே நினைவில்லை. இப்போது ஒருவர் குறித்த நாளில் வராவிட்டால் அன்று மாலைக்குள் எங்களில் ஒருத்தி பேசிவிடுகிறோம். அது இந்த வேலையிலேயே எனக்குப் பிடிக்காத வேலை, அதனால் பெரும்பாலும் நானே செய்கிறேன்.

அந்த லுக்கேமியாக்காரருக்குச் சிகிச்சை முடிந்துவிட்டது, இப்போது பரிசோதனைக்கு மட்டும்தான் வருகிறார். ஆனாலும் 37.4 என்றால்கூடப் போன் செய்துவிடுவார், "சும்மா சொல்லி வைக்கலாம்னு" என்று. எடுப்பது பெரும்பாலும் அதே பெண்தான். எண்ணிக்கையெல்லாம் நன்றாக இருக்கிறது, கவலையில்லை என்று அவளுக்கே தெரியும். இருந்தாலும் சுவரைப் பார்த்து ஆறு கேள்விகளையும் கேட்டுவிட்டுத்தான் வைக்கிறாள்.