கெரட்டின் செய்யப் போறீங்களா?

எங்க நாகர்கோவிலில் இரண்டு பருவமழையும் பெய்யும்; என் சுருட்டை முடி அப்போதெல்லாம் சிலிர்த்துக்கொண்டே நிற்கும். பார்லரில் கெரட்டின் செய்த பிறகு, அதாவது கிரீம் பூசிச் சூடான அயர்னால் முடியை நேராக்கிய பிறகு, சீப்பு வழுக்கிக்கொண்டு போகிறது. அந்தச் சுகத்தை மறுக்க மாட்டேன்.

ஆனால் சூடான அயர்ன் பட்டு எழுந்த புகையில் கண் எரிந்தது. பல கெரட்டின் கலவைகள் சூட்டில் ஃபார்மால்டிஹைடு வாயுவை விடும். புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான பொருள் அது. சரி, அது இல்லாத கிரீம்? கிளையாக்சிலிக் அமிலம் கலந்த கிரீமால் ஒரு பெண்ணுக்குச் சிறுநீரகம் பாதித்ததை 2024இல் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நமக்காவது ஒரு நாள். கதவடைத்த ஏசி அறையில் தினமும் நிற்கும் பியூட்டிஷியன் பிள்ளைகளுக்கு?

கெரட்டின் செய்யலாமான்னு மைனி (அண்ணி) கேட்டாங்க. "டப்பாவைத் திருப்பிப் படிங்க, ஜன்னல் உள்ள கடையாப் பாருங்க, தலையில் புண் இருந்தா போகவே போகாதீங்க" என்றேன். அட்வான்ஸ் கொடுத்தாச்சாம்.