சொல்லுக்கு எத்தனை பைசா?

இணையதளங்களுக்குத் தமிழில் எழுதிக் கொடுப்பவரிடம் முதலில் வரும் கேள்வி, “வார்த்தைக்கு எவ்வளவு வாங்குறீங்க?” என்பதுதான். கேட்பவருக்கு அது வசதியான கணக்கு. எழுதுபவருக்கோ அது தொடக்கத்திலேயே இடிக்கும். ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்று சேர்த்து எழுதினால் கணினி அதை ஒரு சொல்லாக எண்ணும். ‘பார்த்துக் கொள்ளலாம்’ என்று பிரித்தால் இரண்டு. நடுவில் விழும் இடைவெளிக்குத்தான் காசு. மொழிபெயர்ப்பில் நிலைமை இன்னும் மோசம்: ஆங்கிலத்தில் 500 சொல் இருக்கும் பக்கம் தமிழில் பெரும்பாலும் 350, 400 சொல்லில் முடிந்துவிடும். எனவே மொழிபெயர்ப்பென்றால் மூலத்தின் சொற்கணக்கில் பேச வேண்டும். புதிதாக எழுதும் வேலைக்குச் சொற்கணக்கே வேண்டாம், பக்கத்துக்கு இவ்வளவு என்று பேசுவதுதான் நியாயம்.

அந்தத் தொகையை அடுத்தவர் வாங்குவதைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. சொந்தச் செலவிலிருந்துதான் தொடங்க வேண்டும். மாதம் 35,000 ரூபாய் வீட்டுச் செலவு உள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். 60,000 ரூபாய் லேப்டாப் நான்கு வருடம் உழைக்கும் என்றால் மாதம் 1,250. இன்டர்நெட், மின்சாரம், போன் எல்லாம் சேர்ந்து இன்னொரு 1,250. மருத்துவக் காப்பீட்டுக்கு 1,000. ஆக மாதம் 38,500, வருடத்துக்கு 4,62,000. வேலை வராத மாதங்களுக்காகப் பத்து சதவீதம் சேர்த்தால் ஏறக்குறைய 5,08,000.

இதை எதால் வகுப்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். நாளுக்கு 8 மணி நேரம், வருடத்துக்கு 300 நாள் என்று வகுத்தால் மணிக்கு 212 ரூபாய் வரும். ஆனால் அந்த எட்டு மணி நேரமும் காசாகாது. கொட்டேஷன் அனுப்புவது, போனில் விளக்கம் சொல்வது, பேமென்ட்டுக்கு நினைவூட்டுவது, புது வேலை தேடுவது என்று நாளில் மூன்று மணி நேரமாவது போய்விடும். காய்ச்சல், பண்டிகை, வீட்டு விசேஷம் எல்லாம் கழித்தால் வருடத்தில் 240 நாள் நிற்கும். நாளுக்கு 5 மணி நேரம் வீதம் 1,200 மணி நேரம். மணிக்கு 423 ரூபாய், முழுதாக்கினால் 425. முதல் கணக்கைப் போல இது இரண்டு மடங்கு. முதல் கணக்கில் வேலை பிடித்தவர்தான், நாள் முழுக்க எழுதியும் மாதக் கடைசியில் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை என்று தவிக்கிறார்.

இப்போது ஒரு பக்கம். பல் மருத்துவமனை ஒன்றுக்கு ரூட் கெனால் பற்றி 500 சொல் அளவில் எழுத வேண்டும். மருத்துவரிடம் பேசிக் குறிப்பெடுக்க ஒரு மணி நேரம். எத்தனை முறை வர வேண்டும், எப்போது கேப் போடுவார்கள் என்பதெல்லாம் அவர் வாயிலிருந்து வர வேண்டும். மக்கள் கூகுளில் எப்படித் தேடுகிறார்கள் என்று பார்க்க முக்கால் மணி நேரம். நோயாளிகள் தட்டுவது ‘வேர்க்குழாய் சிகிச்சை’ அல்ல, ‘ரூட் கெனால் வலிக்குமா’ என்பதுதான். எழுத இரண்டு மணி நேரம். தலைப்பு, உபதலைப்புகள், தேடலில் தெரியும் சிறு விவரணை ஆகியவற்றுக்கு அரை மணி. இந்த விவரணைக்கு 160 எழுத்து என்று சொல்லி அனுப்புவார்கள். ‘தமிழ்’ என்பது கண்ணுக்கு மூன்றெழுத்து, கணினிக்கு ஐந்து. மெய்ப்புள்ளியும் கொக்கியும் தனித்தனியாக எண்ணப்படுவதால் அந்த 160 சட்டென்று நிரம்பிவிடும், திரும்பத் திரும்பச் சுருக்க வேண்டியிருக்கும். வாய்விட்டுப் படித்துத் திருத்த அரை மணி. மருத்துவர் சொல்லும் மாற்றங்களைச் செய்ய ஒரு மணி நேரம். மொத்தம் ஐந்தே முக்கால் மணி நேரம், 2,450 ரூபாய்.

சொல்லுக்கு 50 பைசா தரும் ஏஜென்சியில் இதே பக்கத்துக்கு 250 ரூபாய். 425 கணக்கில் அது 35 நிமிட உழைப்பு. 35 நிமிடத்தில் ஒரு மருத்துவப் பக்கத்தை யாரும் பொறுப்பாக எழுதிவிட முடியாது. அங்கே நடப்பது வேறு இணையதளத்திலிருந்து எடுத்து வரிகளை மாற்றிப் போடுவதுதான். அந்த விலைக்கு எழுதியவரைக் குறை சொல்லிப் பயனில்லை, விலையே அதைத்தான் கேட்கிறது.

சமீப காலமாக, “ஏஐ எழுதிடுச்சு, சும்மா ஒரு தடவை பார்த்துக் கொடுங்க” என்று வரும் வேலைகள் கூடிவிட்டன. இதற்குப் பக்கக் கணக்கும் சரிவராது, மணிக்கணக்குதான். முதல் இரண்டு பத்தியைத் திருத்திப் பார்த்து, ஆன நேரத்தை வைத்து முழுவதற்கும் மதிப்பிட்டுச் சொல்லுங்கள். தகவலையும் சரிபார்க்க வேண்டியிருந்தால் புதிதாக எழுதுவதைவிட அதிக நேரம் பிடிக்கும். அப்போது அதை மறைக்காமல் சொல்லி, புதிதாக எழுதித் தர முன்வருவதே இரு தரப்புக்கும் நல்லது.

கரெக்‌ஷன் எத்தனை முறை என்பதைக் கொட்டேஷனிலேயே எழுதிவிட வேண்டும். ஒரு முறை என்றால், டிராஃப்ட் கிடைத்த ஏழு நாளுக்குள் எல்லா மாற்றங்களையும் ஒரே பட்டியலாகத் தருவது. முதலாளி ஒன்று, மேனேஜர் ஒன்று, முதலாளியின் மருமகன் ஒன்று என்று வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாக வருவதைச் செய்துகொண்டிருந்தால் ஒரு மணி நேரம் நான்காகிவிடும். சொன்ன விஷயமே மாறினால் அது திருத்தம் இல்லை, புதுப் பக்கம்.

பணத்தில் பாதியை அட்வான்ஸாக வாங்கலாம், டிராஃப்ட் கொடுத்ததும் முப்பது சதவீதம், மீதி பிறகு. அந்த மீதியை மட்டும் ‘வெப்சைட் லைவ் ஆனதும்’ என்று ஒப்புக்கொள்ளக் கூடாது. டிசைனர் தாமதம், போட்டோ வரவில்லை, டொமைன் சிக்கல் என்று அது மாதக்கணக்கில் இழுக்கும், எதுவும் எழுதியவர் கையில் இருக்காது. டிராஃப்ட் தந்த தேதியிலிருந்து 15 நாள் என்று எழுதுங்கள்.

பணம் தாமதமானால் சட்டமும் கைகொடுக்கும், அதற்கு உத்யம் பதிவு, அதாவது சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் பதிவு, வேண்டும். அது இலவசம், ஆதாரும் பானும் போதும். பதிந்த குறுந்தொழிலுக்கு 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம் துணை நிற்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் பணம் தர அதில் சொன்ன கெடு, அதுவும் 45 நாளைத் தாண்டக் கூடாது. ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். தாமதமானால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி உண்டு. இன்வாய்ஸில் உத்யம் எண்ணைப் போட்டாலே பல கணக்குப் பிரிவுகள் கோப்பை மேலே எடுத்து வைக்கின்றன.

நிறுவனம் பணம் தரும்போதே டிடிஎஸ் என்று வரியைப் பிடித்தால் பதற வேண்டாம். தொழில்முறைக் கட்டணம் என்று பத்து சதவீதம் பிடிப்பவர்களும் உண்டு, ஒப்பந்த வேலை என்று ஒரு சதவீதம் பிடிப்பவர்களும் உண்டு. எதுவானாலும் உங்கள் பானில்தான் சேரும், வருமான வரித் தாக்கலில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் பத்து சதவீதம் போனால் அந்த மாதம் கைக்கு வருவது குறையும் என்பதை முன்கூட்டியே கணக்கில் வைக்க வேண்டும்.

உரிமையும் விலையின் பகுதிதான். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஊழியராக இல்லாமல் வெளியிலிருந்து எழுதித் தருபவரே பொதுவாக அந்த எழுத்தின் முதல் உரிமையாளர். உரிமையை மாற்றித் தருவது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். ஆகவே ஒரு இணையதளத்துக்கு மட்டுமா, பிரசுரம், விளம்பரம், வேறு கிளைகளின் தளங்கள் எல்லாவற்றுக்குமா என்று கேட்டுவிட்டு விலை சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் என்றால் அடிப்படை விலையோடு பாதியாவது கூட்டிக் கேட்கலாம்.

சுய உதவிக் குழுவோ சிறு கைத்தறிக் கடையோ குறைத்துக் கேட்டால் குறைக்கலாம், குறைக்கவும் வேண்டும். இன்வாய்ஸில் முழுத் தொகையைப் போட்டு, கீழே தள்ளுபடி என்று தனி வரியில் கழித்துக் காட்டினால், அடுத்த வேலைக்கு அந்தக் குறைந்த விலையே அடிப்படையாகிவிடாது. பழைய வாடிக்கையாளருக்கு விலை ஏற்றும்போது ஒரு மாதம் முன்பே எழுதித் தெரிவியுங்கள். ஏப்ரல் 1 என்று வைத்தால் அவர்களுடைய பட்ஜெட்டோடும் ஒத்துப்போகும், அதற்குள் ஒப்புக்கொண்ட பக்கங்களைப் பழைய கட்டணத்திலேயே முடித்துக் கொடுத்துவிடலாம்.