மவுண்ட் வையும், தம்பி

"கண்ணாடியோட ஒட்ட வேண்டாம், தம்பி. இடையில மவுண்ட், அந்த அட்டைச் சட்டம், வையும்."

பிறேம் கடையில, தான் கீறின வாட்டர்கலர் படங்களைக் குடுத்து, ஓவியர் ஐயா சொல்லிக்கொண்டு நிண்டார். எங்கட ஈரக்காத்துக்கு வாட்டர்கலர் கண்ணாடியில ஒட்டினால், கழட்டேக்க நிறமும் சேர்ந்து வந்திடும்.

ஐயா ஓவியம் எங்கயும் படிக்கேல்லை. பெயர்ப்பலகை எழுதி எழுதியே கை திருந்தினது. டிஜிட்டல் பிறின்ற் வந்து அந்தத் தொழில் படுத்த பிறகுதான் தனக்கெண்டு கீறத் தொடங்கினார்.

பனங்கூடல் படத்தில, ஒவ்வொரு ஓலை விளிம்பிலயும் மயிரிழை அளவுக்கு மஞ்சள். எழுத்துக்கு நிழல் விட்டுப் பழகின கையெல்லோ!

பாரிஸில வரி அறவிடுற வேலை பார்த்த ஓவியர் ஹென்றி ரூசோவும் தானாப் பழகினவர்தான். 1893இல ஓய்வு எடுத்துத்தான் முழுநேரமாக் கீறினார்.

எங்கட சுவர்களில சாமிப்படத்துக்குப் பக்கத்தில இன்னும் இடம் கிடக்கு. பனங்கூடலை நான் எடுத்திட்டன். ஐயாவின்ர பண்ணைக் கடல் படம் இன்னும் விக்கேல்லை.