நாற்பதாவது நிமிடத்தில் ஒரு பெயர்

"ஆறு வாரத்துக்கு மஞ்சள் படம் பார்க்கப் போகிறேன்" என்று வீட்டில் சொன்னதுதான் முதல் தவறு. நம் ஊரில் மஞ்சளுக்கு வேறு அர்த்தம். இத்தாலியில் மஞ்சள், அதாவது 'ஜாலோ', என்றால் கொலைக்கதை. மிலானின் மோண்டடோரி பதிப்பகம் 1929இல் மஞ்சள் அட்டை போட்டுத் துப்பறியும் நாவல்களை வெளியிடத் தொடங்கியது. நாளடைவில் அட்டையின் நிறமே அந்த வகைக்குப் பெயராகிவிட்டது. இதையெல்லாம் விளக்கிச் சொன்ன பிறகுதான் ரிமோட் என் கைக்கு வந்தது.

திட்டம் இதுதான். சனிக்கிழமை ராத்திரி ஒரு படம். நாற்பதாவது நிமிடத்தில் நிறுத்தி, கொலையாளி யாரென்று நோட்டில் எழுதிவிட வேண்டும். மாத நாவல் படித்தே வளர்ந்தவன், ஆறில் நாலாவது தேறும் என்று நினைத்தேன்.

முதல் வாரம் மரியோ பாவா 1963இல் எடுத்த 'அளவுக்கு மீறி அறிந்த பெண்'. கறுப்பு வெள்ளை. ரோமுக்கு வரும் அமெரிக்கப் பெண்ணுக்குக் கொலை நாவல் பைத்தியம். நாவலில் படித்த யோசனையை நம்பி, வீடு முழுக்க நூல் கட்டி, தரையில் டால்கம் பவுடர் கொட்டிப் பொறி வைக்கிறாள். சிரித்தேன். நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்த எனக்கு அதில் சிரிக்க என்ன உரிமை என்பது அப்புறம்தான் உறைத்தது. நான் எழுதிய பெயரும் தப்பு.

இரண்டாவது, அதே பாவாவின் 'கொலைகாரனுக்கு ஆறு பெண்கள்' (1964). பாதிப் படத்தைப் பேருந்தில் போனில் பார்த்தேன். அப்படிச் செய்யாதீர்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் இருட்டும் என் முகமும்தான். வீட்டு டிவியில் மறுபடி போட்டால் எல்லார் முகமும் ஆரஞ்சு. படத்தின் நிறத்தைத் தூக்கிக் காட்டும் அமைப்பை அணைத்த பிறகே சரியானது. பாவா ஒளிப்பதிவாளராக இருந்து இயக்குநரானவர். பழம்பொருள் கடைக்குள் பச்சையும் ஊதாவும் மாறி மாறி அடிக்கிறது, ஒரு பெண் உயிருக்கு ஓடுகிறாள், நான் வெளிச்சத்தைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டிருக்கிறேன். கொலையை இவ்வளவு அழகாகக் காட்டலாமா என்ற உறுத்தல் அங்கே தொடங்கியது, இன்னும் போகவில்லை. நாற்பதாவது நிமிடம் எப்போது போனதென்றே தெரியவில்லை. நோட்டில் வெற்று வரி.

மூன்றாவது வாரம் தாரியோ அர்ஜெந்தோவின் முதல் படம், 1970இல் வந்த 'படிகச் சிறகுப் பறவை'. ராத்திரியில் ஒரு கலைக்கூடத்துக்குள் கைகலப்பு. தெருவில் போகும் அமெரிக்க எழுத்தாளர் காப்பாற்ற ஓடி, இரண்டு கண்ணாடிக் கதவுகளுக்கு நடுவே மாட்டிக்கொள்கிறார். உள்ளேயும் போக முடியாது, வெளியேயும் வர முடியாது. பார்க்க மட்டும் முடியும். பார்த்ததில் ஏதோ ஒன்று சரியில்லை என்று படம் முழுக்க அவர் மண்டையைக் குடைந்துகொள்கிறார். முடிவு தெரிந்ததும் அந்தக் காட்சியை மூன்று முறை ஓட்டிப் பார்த்தேன். எதையும் மறைக்கவில்லை. அவர் பார்த்ததைத்தான் நானும் பார்த்திருக்கிறேன், அவரைப் போலவே தப்பான அர்த்தமும் கொடுத்திருக்கிறேன். மோரிக்கோனேவின் தாலாட்டு மாதிரியான இசை வேறு, காதை விட்டுப் போக இரண்டு நாளானது.

நான்காவது, செர்ஜியோ மார்த்தினோ வியன்னாவில் எடுத்த ஒரு படம். எட்விஜ் ஃபெனெக் நன்றாகப் பயப்படுகிறார். நான் அரைத்தூக்கம். தப்பு.

ஐந்தாவதில் ஜெயித்தேன். லூச்சியோ ஃபுல்ச்சியின் 1972 படம். தெற்கு இத்தாலியின் மலைக்கிராமத்தில் சிறுவர்கள் கொல்லப்படுகிறார்கள். வண்ண விளக்கு, ஃபேஷன் எதுவும் கிடையாது, சுள்ளென்ற வெயில். சூனியக்காரி என்று ஊர் ஒதுக்கிய பெண்ணைக் கல்லறைத் தோட்டத்தில் சங்கிலியால் அடிக்கிறார்கள். கார் ரேடியோவில் காதல் பாட்டு ஓடுகிறது. ரத்தத்தோடு அவள் நெடுஞ்சாலை வரை ஊர்ந்து வருகிறாள். விடுமுறைக்குப் போகும் கார்கள் நிற்காமல் போகின்றன. கொலையாளியின் பெயரைச் சரியாக எழுதியிருந்தேன், அதைப் பார்த்துச் சந்தோஷப்படத் தோன்றவில்லை.

கடைசி வாரம் அர்ஜெந்தோவின் 'அடர் சிவப்பு' (1975). பார்க்காதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆங்கில ஒலியில் போட்டேன். நடுநடுவே எல்லாரும் திடீரென்று இத்தாலிய மொழியில் பேசினார்கள். ஏற்றுமதிக்காக இருபது நிமிடத்துக்கு மேல் வெட்டியிருந்தார்களாம், வெட்டிய காட்சிகளுக்கு ஆங்கிலக் குரல் கிடையாது. சரி, இத்தாலிய ஒலிக்கே மாற்றினேன். அதுவும் பின்னால் சேர்த்த குரல்தான். அன்றைய இத்தாலியப் படங்களில் நடிகர்கள் அவரவர் மொழியில் பேசிவிட்டுப் போவார்கள்.

பியானோ கலைஞர் ஒருவர், கொலை நடந்த வீட்டின் தாழ்வாரத்தில் ஓடுகிறார். சுவர் முழுக்க ஓவியங்கள். துவைத்த துணியை மடித்துக்கொண்டே எட்டிப் பார்த்த மனைவி, "ஏங்க, அங்க யாரோ நிக்கிற மாதிரி இருக்கே?" என்றாள்.

"அது சுவத்துல மாட்டின படம். சும்மா பாரு."

நாற்பதாவது நிமிடத்தில் முறையாக நிறுத்தி, வேறு யார் பெயரையோ எழுதினேன். படம் முடிந்து, அந்தத் தாழ்வாரத்துக்கே திரும்ப ஓட்டி நிறுத்தினேன். ஓவியங்களுக்கு நடுவே ஒரு கண்ணாடி. கண்ணாடியில் ஒரு முகம், என்னையே பார்த்துக்கொண்டு.

அவள் தூங்கிவிட்டிருந்தாள். காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று டிவியை அணைத்தேன். இன்னும் சொல்லவில்லை.