ஜூஸ் டப்பா வெறும் காகிதம் இல்லை

பால், ஜூஸ் வரும் அட்டை டப்பாவைப் பார்த்து "காகிதம்தானே, மக்கிவிடும்" என்று நினைப்பவர்கள் நிறைய. அப்படி இல்லை. மாதக்கணக்கில் கெடாமல் வைக்கும் டப்பாவில் சுமார் 75 சதவீதம் அட்டை, 20 சதவீதம் பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக், 5 சதவீதம் அலுமினியம். ஆலையில் தண்ணீர் விட்டுக் கலக்கினால் காகித நார் பிரிந்துவிடும், அது மறுபடி அட்டையாகும். பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒட்டிக்கொண்டே நிற்கும்; அவற்றைப் பிரிப்பதுதான் பெரும்பாடு.

டப்பா மேல் பச்சை இலைப் படம் இருந்தால் நம்பி வாங்கிவிடுகிறோம். அது எனக்கு வருத்தம். மறுசுழற்சி செய்ய முடியும் என்பது வேறு, நம் பகுதியில் யாராவது அதைச் சேகரிக்கிறார்களா என்பது வேறு. அதை விசாரித்து வையுங்கள். சேகரிக்கிறார்கள் என்றால், குடித்ததும் லேசாக அலசி, ஈரக் குப்பையோடு சேர்க்காமல் தனியாகக் கொடுங்கள்.