இரண்டு நீளம், ஒரு குட்டை

செப்டம்பர் 29

மாமாவை, என் கணவரின் அப்பாவை, அமெரிக்காவின் அயோவாவில் இருக்கும் எங்கள் பண்ணை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். முன் அறையில் ஜன்னலை ஒட்டிக் கட்டில். அங்கிருந்து பார்த்தால் வயலுக்கு அப்பால் ஊரின் எலிவேட்டர் தெரியும்; எல்லோரும் தானியம் கொண்டுபோய்க் கொட்டும் அந்த கான்கிரீட் உருளைகள். அது தெரியவேண்டும் என்பதுதான் அவர் வைத்த ஒரே நிபந்தனை. மாடியில் தனக்கு ஓர் அறை இருக்கிறதே என்றார். யாரும் பதில் சொல்லவில்லை.

அக்டோபர் 2

வயலில் மக்காச்சோளத்தில் ஈரம் 24 சதவீதம். மாமாவுக்குக் காய்ச்சல் 100.4. இரண்டும் இறங்கக் காத்திருக்கிறோம்.

அக்டோபர் 3

நடு இரவில் எழுந்து "எடும்மா, நமக்குத்தான்" என்றார். எதுவும் அடிக்கவில்லை. "இரண்டு நீளம், ஒரு குட்டை. நமக்குத்தான்."

காலையில் கேட்டேன். அவர் சிறுவனாக இருந்தபோது எட்டுப் பத்துப் பண்ணைகளுக்குச் சேர்த்து ஒரே தொலைபேசிக் கம்பி. கைப்பிடியைச் சுற்றினால் எல்லா வீட்டிலும் மணி அடிக்கும். இரண்டு நீளம் ஒரு குட்டை என்றால் இவர்கள் வீடு, மூன்று குட்டை என்றால் அடுத்த பண்ணை. யாருக்கு அடித்தாலும் எல்லோரும் சத்தமில்லாமல் எடுத்துக் கேட்பார்களாம். கேட்பவர்கள் கூடக்கூடப் பேசுபவரின் குரல் தேய்ந்துகொண்டே போகும். "பாதிப் பேர் கீழே வையுங்கள், என் தங்கை பேசுவது கேட்கவில்லை" என்று யாராவது கத்துவார்கள். இவருடைய அம்மா வாய்ப் பகுதியில் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு கேட்பாராம். எங்கள் தெருவில் இதற்குக் கம்பியே தேவைப்பட்டதில்லை.

அக்டோபர் 5

சர்ச்சிலிருந்து பெண்கள் வந்தார்கள். மூன்று காஸரோல், ஒரே பாத்திரத்தில் அவனில் வேகவைத்த சாப்பாடு. ஃப்ரிட்ஜில் இடமில்லை.

அவர்களில் ஒருவர் கட்டிலருகே உட்கார்ந்து, அந்தக் காலம் எவ்வளவு எளிமையாக, நன்றாக இருந்தது என்று பேசிக்கொண்டே போனார். மாமா கண்ணை மூடியபடியே "குளிர்" என்றார். அவ்வளவுதான். போர்வை வேண்டுமோ என்று அந்த அம்மாள் என்னைப் பார்த்தார்.

அவர்கள் போன பிறகு மாமா அரை மணி நேரம் பேசினார். கீழே ஒரே ஓர் அடுப்பு, மாடிக்குச் சூடே கிடையாது. தலைமாட்டில் வைத்த தண்ணீர் காலையில் உறைந்திருக்கும். அடுப்புக்குச் சோளக் கட்டை. பன்றிப் பட்டியில் மிதிபட்டுக் கிடப்பதைப் பொறுக்கி வருவது அவர் வேலை. அதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொன்னார். சிரிக்காமல் சொன்னது இதைத்தான்: ஊரில் மின்சாரம் இருந்தது. இரண்டு மைல். ராத்திரி பால் கறக்கும் தொழுவத்து வாசலில் லாந்தரோடு நின்றால் ஊர் விளக்குகள் தெரியும். பண்ணைகளுக்குக் கம்பி இழுத்தால் லாபம் இல்லை என்று கம்பெனிகள் வரவே இல்லை. 1930களின் நடுவில் இந்த நாட்டுப் பண்ணைகளில் பத்தில் ஒன்றில்தான் மின்விளக்கு. 1935இல் ரூஸ்வெல்ட் அதற்கென்றே தனி அமைப்பு தொடங்கி, விவசாயிகள் கூட்டுறவாகச் சேர்ந்து கடன் வாங்கிக் கம்பம் நட ஆரம்பித்தார்கள். இவர்கள் பக்கம் வந்து சேர்வதற்குள் போர் வந்துவிட்டது. அப்புறம் போர் முடியவேண்டும்.

"இரண்டு மைல்" என்றார் மறுபடியும், சாப்பாடு ஊட்டும்போது.

அக்டோபர் 6

என் கணவர் ராத்திரி பதினொன்றரைக்கு வயலிலிருந்து வந்தார். காஸரோல் சாப்பிட்டார். பேசவில்லை.

அக்டோபர் 8

பெரம்பலூரிலிருந்து அம்மா ஃபோன். சம்பந்தி சாப்பிடுகிறாரா என்று கேட்டுவிட்டு நேரே மக்காச்சோளத்துக்குப் போய்விட்டாள். படைப்புழு இந்த வருஷமும் விடவில்லையாம். "உங்க ஊர்லேர்ந்துதான் வந்துச்சாமே அது?" என்றாள், நானே பெட்டியில் வைத்து அனுப்பியதுபோல.

அக்டோபர் 10

வலது கையின் நடுவிரல் ஏன் கோணல் என்று இத்தனை வருஷமாகக் கேட்டதில்லை. கதிர் ஒடித்த கை. உள்ளங்கையில் தோல் பட்டையோடு ஓர் இரும்புக் கொக்கி; அதால் தோகையைக் கிழித்து, கதிரை முறித்து, பார்க்காமலே வண்டிக்குள் வீசவேண்டும். வண்டியின் எதிர்ப்பக்கம் உயரமான பலகை இருக்கும், அதில் மோதி உள்ளே விழும். டொக், டொக். குதிரைகள் ஓட்ட ஆளில்லாமல் தானாக நகரும். கெட்டிக்காரன் ஒரு நாளில் 100 புஷல் ஒடிப்பான்; புஷல் என்பது இங்கே தானியம் அளக்கும் கணக்கு. இதற்கு மாநிலங்களுக்கிடையே போட்டியெல்லாம் நடந்திருக்கிறது, பெருங்கூட்டம் கூடுமாம். இவருடைய மகனின் கம்பைன், அறுவடை இயந்திரம், அந்த 100 புஷலைச் சில நிமிடத்தில் முடித்துவிடும். மாமாவுக்கு அதில் பெருமையும் இல்லை, வருத்தமும் இல்லை. சத்தம் மட்டும் சரியில்லையாம்.

டொக் என்று கட்டில் சட்டத்தில் தட்டிக்காட்டினார். ராத்திரியும் தட்டினார்.

அக்டோபர் 13

வாய்க்கால் ஓரத்துப் பால்செடியில் காய் வெடித்துவிட்டதா என்று பார்த்து வரச் சொன்னார். பறித்து வந்தேன். உடைத்தால் வெள்ளைப் பாலும் பட்டுப் பஞ்சும். நம் எருக்கின் குடும்பம்தான்.

1944இல் பள்ளிப் பிள்ளைகளை வெங்காயச் சாக்கோடு இதைப் பறிக்க அனுப்பினார்கள். ஜாவாவிலிருந்து வந்த இலவம்பஞ்சை ஜப்பான் மறித்துவிட்டது, கடற்படைக்கு மிதவைச் சட்டை தைக்கப் பஞ்சு இல்லை. இரண்டு சாக்குக் காய்க்கு ஒரு சட்டை, ஓர் உயிர். ஒன்பது வயதில், திட்டு வாங்காமல் செய்த ஒரே வேலை அது என்கிறார்.

பஞ்சு கம்பளம் முழுக்கப் பறக்கிறது. பெருக்க மனமில்லை. எரிச்சலாகவும் இருக்கிறது.

அக்டோபர் 16

காய்ச்சல் 102. நர்ஸ் வந்து போனார். ஆஸ்பத்திரி வேண்டாம் என்று மாமா தெளிவாகச் சொல்லிவிட்டார்.

சாயங்காலம்: "நிற்காமல் அடிக்கிறது. எல்லோரும் எடுக்கணும்." ஒரே நீளமாக மணி அடித்தால் தீ, அல்லது ஆள் காணவில்லை. 1940 நவம்பர் 11. காலையில் சட்டையோடு திரியும் அளவுக்கு இதம்; மதியத்துக்குள் காற்று திரும்பி, பனிப்புயல். மத்திய மேற்கு முழுவதும் சுமார் 150 பேர் செத்தார்கள், மிஸிஸிப்பியில் வாத்து சுடப் போனவர்கள் நிறையப் பேர். மாமாவுக்கு அப்போது ஐந்து வயது. அன்று இருட்டிய பிறகு அந்த மணி அடித்தது. அடுத்த பண்ணைக்காரர் மாடுகளைத் தேடிப் போனவர் திரும்பவில்லை. மூன்று குட்டை வீடு.

கிடைத்தாரா என்று கேட்டேன். தூங்கிவிட்டார்.

அக்டோபர் 17

ஈரம் 18. காய்ச்சல் 101.

அக்டோபர் 19

மறுபடி கேட்டேன். "ஆப்பிள் மரமெல்லாம் செத்துப்போச்சு" என்றார். உண்மைதான், குளிருக்குத் தயாராகாத மரங்கள், அந்த ஒரே உறைவில் அயோவாவின் தோப்புகள் போயின. ஆனால் நான் கேட்டது அதையல்ல. இவரிடம் கேட்டேன், அப்படி ஒரு கதையையே அப்பா சொன்னதில்லை என்கிறார். அந்தப் பண்ணை வீடு இப்போது இல்லை. அந்த இடம் யாருடையது என்றேன். "நம்முடையதுதான்" என்றார் இவர். எப்போது வாங்கியது என்று அவருக்குத் தெரியவில்லை.

அக்டோபர் 21

மழை. கம்பைன் கொட்டகையில். அப்பாவும் மகனும் காலையிலிருந்து ஈரத்தையும் விலையையும் பற்றித்தான் பேசுகிறார்கள், வேறு ஒன்றுமே நடக்காததுபோல. இரண்டு பேர் மீதும் கோபம் வருகிறது. பக்கத்துப் பண்ணைக்காரர்கள் வந்து நிற்கிறார்கள். காய்ந்ததும் மீதி நிலத்தைத் தாங்களே அறுத்துத் தருவார்களாம், காசு பேச்சே கூடாதாம். இவர் வேண்டாம் என்கிறார். மாமா உள்ளேயிருந்து சத்தம் போடுகிறார், "எத்தனை கம்பைன் என்று கேள்". நர்ஸ் நான்கு மணிக்கு வருகிறார், அதற்குள் வலி மாத்திரை